கண் பட்டதா, கண்ணில் பட்டதா? கண் தொடர்களைப் பிரித்தறியும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன் கரையில் புது வல்லத்தை (மீன்பிடிப் படகை) இறக்கி நிறுத்தியிருப்பவரிடம் போய், "அண்ணே, ஒங்க வல்லம் நேத்தே என் கண்ணுல பட்டுச்சு" என்று சொன்னால், அவர் மகிழ்ந்து, பலகை எங்கே வாங்கியது, இன்ஜின் என்ன விலை என்று பேச ஆரம்பிப்பார். அவரிடமே "ஒங்க வல்லத்து மேல என் கண்ணு பட்டுச்சு" என்றால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். பொழுது சாய்வதற்குள் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். முதல் வாக்கியத்தில் 'கண்ணு' என்ற சொல்லோடு ஒட்டியிருந்த 'ல' இரண்டாவதில் இல்லை. வேறுபாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கண் தொடர்களை 'இந்தத் தொடர், இந்தப் பொருள்' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். கண், வை, படு, மூடு, காட்டு ஆகிய ஐந்து சொற்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவை சேரும்போது கிடைக்கும் பொருளை முடிவு செய்வது உருபும் துணைவினையும், யார் யாரிடம் சொன்னார் என்பதும்தான். வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியருக்கும், வளைகுடாவிலோ மலேசியாவிலோ வளர்ந்து விடுமுறைக்குக் கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வரும் பிள்ளைகளுக்கும், மொழிபெயர்ப்பு செய்கிறவர்களுக்கும் பயன்படும்படி அந்த முறையைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

முதலில் உருபைப் பாருங்கள்

ஒரு கண் தொடர் காதில் விழுந்ததும், கண் என்ற சொல்லுக்கு அடுத்து ஒட்டியிருப்பது என்ன என்று கவனியுங்கள். ஒன்றும் ஒட்டாமல் 'கண்' என்று நிற்கிறதா, 'கண்ணை' என்று இரண்டாம் வேற்றுமை ஏற்றிருக்கிறதா, 'கண்ணில்' என்று இடத்தைக் குறிக்கிறதா, 'கண்ணுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறதா? பேச்சில் இவை கண்ணு, கண்ண, கண்ணுல, கண்ணுக்கு என்று ஒலிக்கும். வேகமாகப் பேசினால் கண்ணுவும் கண்ணவும் ஒன்றுபோலக் கேட்கும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

'காட்டு' என்ற வினை இதற்கு நல்ல பாடம். "அவன் எனக்குக் கண் காட்டினான்" என்றால் வாய் திறக்காமல் சைகை செய்தான். ஏலம் நடக்கும் இடத்தில் நின்றால் இந்தத் தொடர் நாலு தடவையாவது காதில் விழும். "டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினான்" என்றால் பரிசோதனைக்குப் போனான். "காசைக் கண்ணுல காட்ட மாட்டேங்குறான்" என்றால் தர வேண்டியதைத் தராமல் இழுத்தடிக்கிறான். ஒரே வினைதான், உருபு மாற மாற சைகை, மருத்துவம், கடன் என்று மூன்று வேறு உலகங்கள்.

'கட்டு' என்ற வினையும் அப்படித்தான். கண்கட்டு வித்தை என்பது பார்ப்பவரை ஏமாற்றும் வித்தை. "பசி கண்ணைக் கட்டுது" என்றால் பசியில் பார்வை மங்குகிறது. கண்கட்டி வந்தவருக்கோ இமை ஓரத்தில் சீழ்க்கட்டி. "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்பார் ஒரு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்பவர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, வழி கேட்கிறார். கோபப்படாமல் அறை எண்ணைச் சொன்னால் போதும்.

'வை' கொஞ்சம் சிக்கலானது. "அந்தப் பய மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்று ஏவலாக வந்தால் கவனித்துக்கொள் என்று பொருள். "அந்த மனை மேல அவனுக்கு ஒரு கண்ணு" என்று 'அவனுக்கு' சேர்ந்தால் ஆசை. அதுவும் பிறர் பொருள் மீதான ஆசை. "யாரோ கண்ணு வச்சுட்டாக" என்று முடிந்த செயலாக வந்தால் கண்ணேறு. "மருமகளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்குறாக" என்றால் அன்பு. 'ஒரு கண்' என்ற இரண்டு சொல் கவனிப்பையும் குறிக்கும், பேராசையையும் குறிக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏவலா, 'அவனுக்கு' என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்து துணைவினை

இதில் தவறினால் வீடே கலங்கிப்போகும். "கண்ணை மூடிக்கிட்டாரு" என்றால் கண்ணை மூடிக்கொண்டார், அல்லது தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டார். "கண்ணை மூடிட்டாரு" என்றால் இறந்துவிட்டார். வேறுபாடு 'கொள்' என்ற துணைவினைக்கும் 'விடு' என்ற துணைவினைக்கும் நடுவே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவரைப் பற்றி மகனுக்குப் போனில் சொல்லும்போது, தூங்குகிறார் என்ற எண்ணத்தில் "அப்பா இப்பத்தான் கண்ணை மூடினாரு" என்று சொல்லிவிடக் கூடாது. 'கண் அசந்திருக்காரு', 'தூங்குறாரு' என்பவை பிழைக்கு இடம் தராத சொற்கள். நோயாளியிடம் நேரில் "மருந்து விட்டாச்சு, கண்ணை மூடுங்கய்யா" என்பதில் எந்தக் குறையும் இல்லை. ஏவலில் அந்தப் பொருள் வராது.

'கண்ணை மூடிக்கிட்டு' என்று எச்சமாக வந்து வேறு வினையைத் தழுவினால் பொருள் மறுபடி மாறும். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று மீன் விற்கும் அக்கா சொன்னால் நம்பி வாங்கலாம் என்று பொருள். "கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டான்" என்றால் படித்துப் பார்க்காமல் போட்டான் என்ற கண்டனம். முன்னதில் நம்பிக்கை, பின்னதில் அசட்டை. 'நான் கண்ணை மூடுறதுக்குள்ள' என்று தொடங்கும் பேச்சு ஒரு பெரியவரின் கடைசி ஆசை. அதற்குப் பதிலாக "என்ன அவசரம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

'திற' இதற்கு நேர் எதிர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மாவட்டம் இது. மழை பிந்தி வந்தால் "சாமி கண்ணைத் தொறந்துருச்சு" என்பார்கள். அருள் கிடைத்தது என்று அர்த்தம். "நீங்கதான் என் கண்ணைத் தொறந்தீங்க" என்றால் அறியாமையைப் போக்கினீர்கள் என்று நன்றி. "கண்ணைத் தொறந்து பாருடா" என்றால் அதட்டல். சிற்பிகளுக்கு 'கண் திறத்தல்' தொழிற்சொல். சிலையை வடித்து முடித்தபின் கடைசியாகக் கண்ணை வெட்டித் தெளிவாக்கும் வேலை. அதற்கென்று நாளும் நேரமும் பார்ப்பார்கள்.

கண்ணேறு: சொல்லும் செய்முறையும்

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். மற்றத் தொடர்களில் பிழை செய்தால் சிரிப்பார்கள். இதில் பிழை செய்தால் மனம் நோகும்.

கண்ணேறு, கண்ணூறு, திருஷ்டி, கண்ணு பட்டது எல்லாம் ஒரே கருத்தின் பெயர்கள். பிறர் பார்வையால், முக்கியமாகப் பொறாமையோ வியப்போ கலந்த பார்வையால், தீங்கு வரும் என்ற நம்பிக்கை. 'கொள்ளிக்கண்' என்பது அப்படிப்பட்ட கண் உடையவர் என்று ஒருவரைச் சுட்டும் வசை. அதை நீங்கள் எந்தச் சூழலிலும் பயன்படுத்தாதீர்கள். ஒரு தெருவில் ஒரு பெண்ணின் மேல் அந்தப் பேர் விழுந்துவிட்டால், நல்ல காரியத்துக்கு அவரை அழைப்பதே நின்றுவிடும்.

குழந்தையைப் பாராட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. "பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்று நேரே சொல்வதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். எடை பார்க்கும் செவிலியர் "எடை சரியா ஏறியிருக்கு ஆத்தா" என்று அளவைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். முஸ்லிம் வீடுகளில் பாராட்டும்போது "மாஷா அல்லாஹ்" என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். அது சேர்ந்தால் பாராட்டு முழுமையாகிறது, சேராவிட்டால் குறையாகத் தெரியும். மற்ற வீடுகளில் வயதான பெண்கள் "என் கண்ணே பட்டுரும் போல இருக்கு" என்று சொல்லி, இரு கையாலும் பிள்ளையின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார்கள். 'என் கண்ணே' என்று சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தீங்கு வந்தால் அது என்னால் வந்ததாகட்டும், அதை நானே இப்போது முறித்துவிடுகிறேன் என்று பொறுப்பேற்கும் பேச்சு அது. அதனால் உரிமை உள்ள மூத்த பெண்கள் வாயில்தான் அது பொருந்தும். வெளியாளான ஓர் ஆண் ஓர் இளம்பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னால் அத்துமீறல்.

'சுத்திப் போடு' என்ற தொடரைப் புரிந்துகொள்ள அதன் செய்முறை தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு மாறினாலும் பொதுவாக ஒரு கைப்பிடி கல் உப்பு, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு. சில வீடுகளில் முச்சந்தி மண்ணும் சேரும். இந்தப் பக்கத்தில் கைக்குக் கிடைப்பது 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்தான். குண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். உட்கார வைத்து, கைப்பிடியை மூடியபடி மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, அடுப்பு நெருப்பில் போடுவார்கள். மிளகாய் கருகினால் நெடி தும்மலைக் கிளப்ப வேண்டும். "நெடியே வரல, பாத்தியா, கண்ணு பட்டுத்தான் இருக்கு" என்ற பேச்சு இதிலிருந்து வருகிறது. உப்பு நெருப்பில் வெடித்துத் தெறிக்கும் என்பதால் பிள்ளையை அடுப்பருகே நிறுத்த வேண்டாம். ஆரத்தி வேறு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்தால் சிவப்பாகும். அதைத் தட்டில் ஊற்றிச் சுற்றுவது வரவேற்புக்கும் மங்கலத்துக்கும்.

இந்தச் செய்முறையிலிருந்து கிளைத்த மரபுத்தொடர்களும் உண்டு. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகு கடலுக்குப் போகும் முதல் நாளில் கண்ணாடியோ விளக்கோ உடைந்தால், "சரி விடு, திருஷ்டி கழிஞ்சுச்சு" என்பார் படகு உரிமையாளரான சம்மாட்டி. வரவிருந்த பெரிய சேதம் சின்னதோடு போயிற்று என்ற ஆறுதல். உடைத்தவரைத் திட்டாமல் விடுவதற்கும் இது வழி. 'திருஷ்டிப் பொட்டு மாதிரி' என்றால் அழகான ஒன்றில் வேண்டுமென்றே விடப்பட்ட சிறு குறை.

மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "பிள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சு" என்று தாய் சொன்னால், பெரும்பாலும் பிள்ளை பால் குடிக்கவில்லை, ஓயாமல் அழுகிறது, வாந்தி எடுக்கிறது என்று பொருள். அதை அறிகுறியாக எடுத்துக்கொண்டு, "எத்தன தடவ வாந்தி? ஒண்ணுக்குப் போனானா? காய்ச்சல் இருக்கா?" என்று கேளுங்கள். நம்பிக்கையை இகழ்ந்தால் அடுத்த முறை வர மாட்டார்கள். "சுத்திப் போடுங்க, அதோட இந்தக் கரைசலையும் குடுங்க" என்றால் இரண்டும் நடக்கும்.

ஒரு கண்ணி இங்கே உண்டு. 'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது' என்ற பழமொழியில் கண்ணடி என்பது கண்ணேறு. 'கண்ணடித்தான்' என்பதோ குறும்பாக ஒரு கண்ணைச் சிமிட்டினான். பழமொழியை விளக்கும்போது இரண்டாவதை நினைத்துக்கொண்டு பொருள் எழுதியவர்களும் உண்டு.

பார்க்காத கண்கள்

தமிழில் கண் என்பது திறப்பையும் குறிக்கும். இந்தக் கரையில் அதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. பிற மாவட்டங்களில் ஏரி என்பதை இங்கே கண்மாய் என்கிறோம். நீர் புகுந்து வெளியேறும் கண்ணும் வாயும் உடையது, கண்வாய் என்பதே கண்மாய் ஆயிற்று என்பது பரவலான விளக்கம். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு பெரியது என்பது கருத்து.

மணலைத் தோண்டும்போது நீர் சுரக்கும் துளை ஊற்றுக்கண். தனுஷ்கோடி மணலில் கடலுக்குச் சில எட்டு தள்ளித் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். ஆழமாகத் தோண்டினால் உப்பு கலந்துவிடும். 'ஊற்றுக்கண்ணை அடைச்சுட்டான்' என்று உருவகமாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் வருமான வழியையே மூடிவிட்டான் என்று பொருள். வெறுமனே 'நஷ்டம்' என்று மொழிபெயர்த்தால் அதன் கனம் போய்விடும்.

வலையில் நான்கு முடிச்சுகளுக்கு நடுவே உள்ள திறப்பும் கண்தான். கண்ணி என்றும் சொல்வார்கள். கண் சிறுத்தால் குஞ்சு மீனும் சிக்கும், பெருத்தால் பிடிக்க வேண்டிய மீன் நழுவும். ஆக, வலைக்காரர் "கண்ணு சின்னதாப் போச்சு" என்றால் கண்வலிக்கு மருந்து சொல்லாதீர்கள். பனங்காயைச் சீவினால் தெரியும் நுங்கின் கண் வழக்கமாக மூன்று, தேங்காய்க்கும் மூன்று. பாலத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள திறப்பும் கண்.

ஆனால் ஊசிக்குக் கண் கிடையாது. தமிழில் ஊசிக்குக் காது. 'ஊசிக் கண்' என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பு வாடை. பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஒட்டகம் நுழைவது ஊசியின் காதில்தான்.

தூக்கம், காத்திருப்பு, உடம்பு

இவை எளிது. கண் அசருவது, கண் அயர்வது சிறு தூக்கம். வேலைக்கு நடுவே தன்னை அறியாமல் வருவது. தாலாட்டில் வரும் 'கண் வளர்' என்பது தூங்கு என்ற கொஞ்சல். கண் பெரிதாகட்டும் என்ற வாழ்த்து என்று நினைக்க வேண்டாம். கண் விழிப்பது காலையில் எழுவது. 'கண் முழிச்சு' என்றால் இரவெல்லாம் தூங்காமல். வலைக்குப் போய் வந்தவர் "ரெண்டு ராவா கண்ணு முழிப்பு" என்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

'கண் பூத்துப் போச்சு' என்றால் காத்துக் காத்துப் பார்வை மங்கியது. 'கண்ணில் பூ விழுந்தது' என்பதோ கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழும் நோய். உருபுதான் மறுபடியும் வேலை செய்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் முன்னதைக் கேட்கலாம். 'கண் பஞ்சடைஞ்சு போச்சு' என்பது பட்டினியையோ மரணத் தறுவாயையோ குறிக்கும். சாதாரணப் பசிக்கு அதைச் சொல்வது மிகை. மாலைக்கண் மரபுத்தொடர் இல்லை, வைட்டமின் ஏ குறைவால் வரும் நோய். அந்தி மங்கியதும் பிள்ளை தடுமாறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் நண்பகலில் நின்றால் 'கண் கூசும்'. ஒருவர் நடத்தையைப் பார்த்துக் 'கண் கூசுது' என்றால் வெட்கம். பொய் சொல்வதற்குக் கூசுவது நாக்கு. 'கண் கூசாமல் பொய் சொன்னான்' என்பது தவறு, 'நாக் கூசாமல்' என்பதே சரி. கடல் நீர் பட்டால் கண்ணைக் கரிக்கும். அடுத்தவர் மாடி வீடு கட்டினால் 'கண்ணை உறுத்தும்'.

'கண்கொள்ளாக் காட்சி' என்பது மகிழ்ச்சியில், இரண்டு கண் போதாது என்ற வியப்பில் சொல்வது. 'கண்கொண்டு பார்க்க முடியல' என்பது துயரத்தில். விபத்துச் செய்தியில் முதலாவதைப் போட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

மனுவிலும் அலுவலகத்திலும்

'கண்துடைப்பு' என்ற சொல்லை மனு எழுதுபவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கண்ணீரைத் துடைப்பது ஆறுதல். கண்துடைப்பு என்பது ஒப்புக்குச் செய்து ஏமாற்றுவது. அந்தச் சொல்லில் எதிராளிக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்ற குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது. அதை நிரூபிக்க முடியாதபோது முதல் மனுவில் எழுதாதீர்கள். "அளவை எடுக்க வந்தவர்கள் மடையை மட்டும் பார்த்தார்கள், கரையைப் பார்க்கவில்லை" என்று நடந்ததை எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் முறையும் அதுவே நடந்தால் அந்தச் சொல்லை எடுக்கலாம்.

'கண்ணில் மண்ணைத் தூவிட்டு' என்பது இன்னும் கடுமையானது. வேண்டுமென்றே ஏமாற்றித் தப்பியது. 'கண்டும் காணாமல்' என்பது தெரிந்தே விட்டது. 'கண்கூடு' நேரடிச் சான்று. நீங்களே பார்த்ததற்கு மட்டும் அதை எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதைக் 'கண்கூடாகத் தெரிகிறது' என்று எழுதினால் விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

'கண்காணி' என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் தனி நினைவு உண்டு. மேற்பார்வையாளர் என்ற பொருள்தான். அது கங்காணி ஆகி, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிக் கொண்டுபோனவரின் பெயரானது. அப்படிப் போனவர்கள் தங்கவைக்கப்பட்ட முகாம்தான் மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் நிற்கிறது. வயதானவர்களிடம் 'கங்காணி' என்றால் கண்காணிப்பு கேமரா நினைவுக்கு வராது, கடனும் கப்பலும்தான் வரும்.

பழைய நூல் படிக்கும்போது

இரண்டு பொறிகள். இன்று கண்ணோட்டம் என்றால் பார்க்கும் கோணம். திருக்குறளின் 58ஆம் அதிகாரமான கண்ணோட்டம் (குறள் 571 முதல் 580 வரை) பேசுவது இரக்கத்தை. 'பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்' என்று தொடங்கும் 573ஆம் குறளில் கண்ணோட்டம் இல்லாத கண் என்றால் இரக்கமில்லாத கண். 'சிறந்த கோணம் இல்லாத கண்' என்று யாராவது விளக்கினால் தடுத்து நிறுத்துங்கள்.

மற்றது, 'கண்' ஏழாம் வேற்றுமை உருபாகவும் வரும். 'அதனை அவன்கண் விடல்' என்ற 517ஆம் குறளில் அவன் கண்ணை யாரும் தொடவில்லை. அந்த வேலையை அவனிடம் விடு என்கிறது. பெயரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி வந்தால் இந்த உருபாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சில பதிப்புகளில் பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். அப்போது 'இடம்' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் அதுதான்.

அழைப்பதும் ஏசுவதும்

கொங்குப் பகுதியில் இளையவர் எவரையும் 'கண்ணு' என்பார்கள். இந்தப் பக்கம் அந்த இடத்தில் ராசா, அப்பு, ஆத்தா என்பவை வரும். கண்ணு என்பது பெரும்பாலும் குழந்தைகளுக்கு. வயதில் மூத்தவரை யாரும் அப்படி அழைப்பதில்லை.

ஒன்றரைக் கண், நொள்ளைக் கண் என்பவை உடற்குறையைக் கேலி செய்பவை. எந்த வேடிக்கைக்கும் வேண்டாம். பார்வையற்றவர், பார்வை மாற்றுத்திறனாளி என்றே சொல்லுங்கள். "கண்ணு தெரியலையா?" என்று தெருவில் கத்துவதற்கு முன் எதிரே வருபவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம் என்று யோசியுங்கள். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்பது நல்ல பழமொழிதான். ஆனால் கண்புரை அறுவைக்குப் போய் வந்தவரிடம் சொல்லும் பழமொழி அல்ல.

வேற்று மொழிக் கண்களும் புயலின் கண்ணும்

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது கண்ணை அப்படியே தூக்கி வைத்தால் பெரும்பாலும் பொருள் கெடும். அவர்கள் கண்ணில் வைத்திருக்கும் ஆப்பிள் நமக்குக் கண்மணி. இருவர் ஒத்துப்போவதை அவர்கள் கண்ணோடு கண் பார்ப்பதாகச் சொல்வார்கள்; அதைத் தமிழில் 'கண்ணுக்குக் கண்' என்று எழுதினால் பழிக்குப் பழி ஆகிவிடும். 'சட்டத்தின் கண்களில்' என்பதைவிடச் 'சட்டத்தின்படி' போதும்.

அப்படி வந்தவற்றில் ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது: புயலின் கண். வானிலை அறிவிப்பில் 'கண் பகுதி' என்று படிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை இழந்த கரைக்கு இந்தத் தொடரின் சரியான பொருள் தெரிந்திருப்பது அவசியம். வலுத்த புயலின் நடுவே காற்று ஓய்ந்து, சில நேரம் வானமே வெளுத்துத் தெரியும் வட்டம்தான் கண். அதைச் சுற்றியுள்ள சுவரில்தான் காற்றின் உச்ச வேகம். 'புயலின் கண் கரையைத் தொட்டது' என்ற அறிவிப்பைக் கேட்டுப் 'புயல் போயிருச்சு' என்று நினைப்பது தவறு. அப்போது பாதிதான் முடிந்திருக்கிறது. கண் தலைக்கு மேல் இருக்கும்வரை காற்று அடங்கியிருக்கும். கண்ணின் அளவையும் புயல் நகரும் வேகத்தையும் பொறுத்து அந்த அமைதி சில நிமிடங்களும் நீடிக்கலாம், அதற்கு மேலும் நீடிக்கலாம். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று திடீரென்று அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து தளர்ந்துபோன கூரையும் மரமும் கயிறும் இரண்டாம் பாதியில் மறுபக்கம் இழுபட்டு விழும்.

ஆகவே அந்த அமைதியில் படகைப் பார்க்கக் கரைக்குப் போகாதீர்கள். முகாமை விட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். எந்தப் பக்கத்துச் சன்னலும் கதவும் இதுவரை காற்றுக்கு மறைவாக இருந்தனவோ, அவற்றை அந்த நேரத்தில் உள்ளிருந்தபடியே இறுக்கிச் சாத்துங்கள். அறிவிப்பில் 'கண் கடந்தது' என்று வந்தாலும் இருங்கள். 'புயல் முழுமையாகக் கரையைக் கடந்தது' என்று சொன்ன பிறகு, காற்றும் தணிந்தபின் வெளியே வாருங்கள்.